ஆடிக் காற்றும் பூட்டிய சுக்கானும்: கடலோர ஓடுதளம் ஒன்றில் நிகழ்ந்த தவறு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையோரமாக உள்ள சிறிய ஓடுதளம் ஒன்றில் இது நடந்தது. யாருக்கும் காயமில்லை, விமானம் தரையை விட்டு எழவும் இல்லை. எழுந்திருந்தால் இதை எழுதும் நிலையில் நான் இருந்திருப்பேனா என்பது எனக்கு இன்றும் உறுதியில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பெயரையும் நிறுவனத்தையும் ஓடுதளத்தையும் குறிப்பிடவில்லை. நடந்த வரிசையையும், அவ்வப்போது எங்கள் மனத்தில் ஓடிய எண்ணத்தையும் மட்டும் மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

பாக் விரிகுடாப் பக்கத்துக் கடற்புல் படுகைகளை வானிலிருந்து ஒளிப்படம் எடுப்பதே எங்களுக்குத் தரப்பட்ட பணி. மண்டபம், பாம்பன் பகுதியினர் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளித்துக் கிடக்க, வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும் என்பதால்தான் அந்தப் பருவத்திலும் பணியைத் திட்டமிட முடிந்தது. சூரியன் உயர ஏறிவிட்டால் நீர்ப்பரப்பின் பளபளப்பு படத்தைக் கெடுத்துவிடும். காலை கழியக் கழியக் காற்றும் வலுக்கும். ஆகவே விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் படம் எடுத்து முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி ஒவ்வொரு நாளும் இருந்தது.

விமானம் நான்கு இருக்கைகள் கொண்ட செஸ்னா 172. இடப்பக்க இருக்கையில் முப்பது வயதுக்குட்பட்ட விமானி ஒருவர். வலப்பக்கத்தில் பயிற்றுநரான நான். பின்னால் கேமராவுடன் ஓர் ஆய்வாளர். அவர்களுடைய குழுத் தலைவர் தரையில் இருந்தபடி பணியை வழிநடத்தினார். இரவில் விமானத்துக்குக் காவலாக இருந்தவர் அறுபது வயதைக் கடந்த, பல ஆண்டுகள் விசைப்படகில் சுக்கான் பிடித்த மனிதர். கண் மங்கத் தொடங்கிய பின் கடலுக்குப் போவதை நிறுத்தியவர்.

பூட்டின் பயன்

நிறுத்தி வைத்த விமானத்தின் அசையும் பரப்புகளைக் காற்று சும்மா விடாது. இறக்கைகளின் பின்விளிம்பில் உள்ள எய்லரான்களும், வாலின் கிடைமட்டப் பகுதியில் உள்ள எலிவேட்டரும், செங்குத்துப் பகுதியில் உள்ள சுக்கானும் கீலில் தொங்குபவை. பின்னாலிருந்து வரும் பலத்த காற்று அவற்றை ஒரு பக்கத்துத் தடுப்பிலிருந்து மறுபக்கத்துத் தடுப்புக்கு மாறி மாறி அறையும். ஒரே இரவில் கீல் தேயலாம், தண்டு வளையலாம், கேபிள் தளரலாம். பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடும் ஏற்பாடு உள்ள கடற்கரை இது. இங்கே பூட்டுப் போடாமல் விமானத்தை விட்டுச் செல்வது பொறுப்பற்ற செயல். பூட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த விமானத்தில் உள்ளறைப் பூட்டு என்பது வளைந்த ஓர் எஃகுக் கம்பி. கட்டுப்பாட்டுச் சக்கரத்தின் தண்டில் உள்ள துளைக்குள் அதைச் செருகினால், எய்லரான்கள் நடுநிலையிலும் எலிவேட்டர் சற்றே கீழ்நோக்கியும் நின்றுவிடும். கம்பியோடு இணைந்த சிவப்புத் தகடு, இயந்திரத்தை இயக்கும் சாவித் துளையை மறைத்து நிற்கும். பூட்டை எடுக்காமல் சாவியைப் போட முடியாது என்பதால், மறதிக்கு எதிரான காவல் அந்தப் பூட்டிலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பி சுக்கானைப் பிடிப்பதில்லை. காற்று கடுமையான இடங்களில் சுக்கானுக்கு வெளியிலிருந்து தனியாக ஒரு பூட்டுப் போட வேண்டும். அதற்கும் சாவித் துளைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எங்கள் விமானத்துக்குரிய வெளிப்பூட்டு எப்போதோ தொலைந்துபோயிருந்தது. முதல் இரண்டு இரவுகள் காற்று அடங்கியே இருந்ததால், அது இல்லாததை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

முந்தைய இரவு

மூன்றாம் நாள் இருட்டிய பிறகும் கச்சான் தணியவில்லை. இரவு பத்தரை மணிக்கு மேல் காவலாளி எனக்குத் தொலைபேசியில் பேசினார். "சார், வால்ல இருக்கிற சுக்கான் தடார் தடார்னு அடிச்சுக்கிட்டே கெடக்கு. இப்படியே விட்டா ஒடஞ்சு போயிரும். என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். அரைத் தூக்கத்தில் இருந்த நான், "அண்ணே, எதையாவது வெச்சு அசையாமக் கட்டிடுங்க, காலையில பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். எதை வைத்துக் கட்டப்போகிறார் என்று நான் கேட்கவில்லை, விமானியிடம் சொல்லவில்லை, ஒரு துண்டுத் தாளில்கூடக் குறித்து வைக்கவில்லை. இந்த நிகழ்வின் வேர் அந்த ஒரு நிமிட உரையாடல்தான் என்று நான் கருதுகிறேன்.

அவர் செய்தது தேர்ந்த வேலை. நங்கூரம் போட்ட படகில் அலை சுக்கானை அடித்து உடைக்காதபடி அதை இறுக்கிக் கட்டிவைப்பது அவர் சிறு வயதிலேயே கற்ற பழக்கம். படகுக்கு வாங்கி மிஞ்சிய இரண்டு பலகைத் துண்டுகளை எடுத்து, உட்புறம் டயர் டியூபை வெட்டி ஒட்டி, செங்குத்து வாலையும் சுக்கானையும் சேர்த்து இரு பக்கமும் அணைத்து, முனைகளில் போல்ட்டு மாட்டி முடுக்கியிருந்தார். பலகையில் வெள்ளை வண்ணம் பூசப்பட்டிருந்தது. விமானத்தின் வாலும் வெள்ளை. சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

காலையில் கண்டவை

ஐந்தரை மணிக்கு ஓடுதளத்தை அடைந்தபோது கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. விமானி கைவிளக்குடன் புறப்பாட்டுக்கு முந்தைய சுற்றுப்பார்வையைத் தொடங்கினார். உள்ளறைப் பூட்டை எடுத்து அதற்குரிய இடத்தில் வைத்தார். இடப்பக்க உடற்பகுதியைப் பார்த்தபடி வாலுக்குச் சென்றார். செஸ்னா 172-இன் கையேடு அந்த இடத்தில் மூன்று வேலைகளைச் சொல்கிறது: சுக்கான் பூட்டு இருந்தால் எடுக்க வேண்டும், வாலைக் கட்டிய கயிற்றை அவிழ்க்க வேண்டும், பரப்புகள் தடையின்றி அசைகின்றனவா, உறுதியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கயிற்றின் முடிச்சு உப்பு ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது. அவர் குனிந்து நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தபோது, ஆய்வுக் குழுத் தலைவர் வந்து அன்றைய படப்பாதையில் ஒரு மாற்றத்தைச் சொல்லி, வரைபடத்தை விளக்கொளியில் விரித்துக் காட்டினார். பேச்சு ஐந்து நிமிடம் நீண்டது. அது முடிந்ததும் விமானி முடிச்சை அவிழ்த்துவிட்டு, நிமிர்ந்து, நேராக வலது இறக்கைக்குப் போய் எரிபொருளில் நீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். வாலுக்கான மூன்று வேலைகளில் நடு வேலை மட்டுமே முடிந்திருந்தது. ஆனால் அவர் மனத்தில் வால் முடிந்துவிட்டது. முடிச்சோடு அவர் பட்ட பாடே அந்த நிறைவைத் தந்திருக்க வேண்டும். அதே வழியில் நானும் பலமுறை தவறியிருக்கிறேன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

அந்த நேரத்தில் நான் பின்பக்கத்தில் கருவிப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். பெட்டிகள் பின் கண்ணாடியை முழுவதும் மறைத்துவிட்டன. இந்த விமானத்தில் இருக்கையிலிருந்து திரும்பினால் வால் தெரியும், அன்று தெரியவில்லை.

ஓடுதள முனையில்

இயந்திரம் ஒழுங்காக இயங்கியது. ஓடுதளத்தை நோக்கி ஊர்ந்தபோது விமானி திருப்பங்களுக்குப் பிரேக்கை வழக்கத்தைவிட அதிகமாகப் பயன்படுத்தினார். "பெடல் கொஞ்சம் டைட்டா இருக்கு சார், மணல் ஏறியிருக்கும்" என்றார். பாதையில் மணல் படிந்திருந்தது உண்மைதான். நானும் ஆமாம் என்றேன். இந்த விமானத்தில் பெடல்கள் கேபிள் வழியாகச் சுக்கானையும், ஸ்பிரிங் வழியாக மூக்குச் சக்கரத்தையும் திருப்புகின்றன. பெடலால் மூக்குச் சக்கரம் இரு பக்கமும் சுமார் 10 பாகை வரை திரும்பும். ஒரு பக்கத்துப் பிரேக்கையும் சேர்த்து மிதித்தால் சுமார் 30 பாகை வரை போகும். எனவே பெடல் சரியாக அசையாவிட்டாலும் பிரேக்கை மட்டும் கொண்டு வளைந்து வளைந்து முனை வரை வந்துவிட முடிகிறது. கோளாறு தன்னைக் காட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் இருவரும் அதற்கு ஒரு காரணம் கற்பித்துக்கொண்டே வந்தோம்.

முனையில் நின்று, பட்டியலின்படி "கட்டுப்பாடுகள் தடையின்றியும் சரியான திசையிலும்" என்ற வரிக்கு வந்தோம். விமானி கட்டுப்பாட்டுச் சக்கரத்தை இடப்பக்கம் முழுவதும் திருப்பினார். இடது எய்லரான் உயர்ந்தது, வலது தாழ்ந்தது. வலப்பக்கம் திருப்பினார், மாறி நின்றன. சக்கரத்தை முன்னும் பின்னும் தள்ளி இழுத்தார், தடையில்லை. பிறகு பெடல்களை இலேசாக ஒரு தட்டுத் தட்டி, "சரி" என்றார்.

என் கால்கள் வலப்பக்கப் பெடல்களின் மேல் இருந்தன. அவை அசைந்ததை நான் உணரவில்லை. "ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் மிதிங்க" என்றேன். "நின்ன இடத்துல மூக்குச் சக்கரம் விடாது சார், ஓட்டத்துல சரியாயிடும்" என்று அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. நிற்கும் விமானத்தில் பெடல் கனமாகவே இருக்கும். அதனால்தான் பலர் சுக்கான் சோதனையை அரைகுறையாக முடித்துவிடுகிறார்கள். "அப்படின்னா மெதுவா உருட்டிக்கிட்டே மிதிச்சுப் பார்ப்போம்" என்றேன். சில அடிகள் உருண்டோம். அவர் வலது பெடலை அழுத்தினார். நானும் சேர்ந்து அழுத்தினேன். கல்லை மிதித்ததுபோல் இருந்தது. அந்தக் கணத்தில்தான் முந்தைய இரவு காதில் விழுந்த "தடார் தடார்" எனக்கு நினைவுக்கு வந்தது.

காற்று அப்போது தென்மேற்கிலிருந்து, ஓடுதளத்துக்குக் குறுக்காக வீசிக்கொண்டிருந்தது. முழுவிசையில் ஓடும்போது இந்த விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். அதை வலது பெடலால்தான் நேர்செய்கிறோம். பக்கக்காற்று மூக்கைத் தன் பக்கம் திருப்பும்போது அதைத் தடுப்பதும் சுக்கான்தான். சுக்கானின்றிக் கிளம்பியிருந்தால் ஓடுதளத்தின் நடுக்கோட்டிலிருந்து விலகி, வேகம் கூடிய நிலையில் ஓரத்து மணலில் சக்கரம் புதைந்திருக்கும். அல்லது தட்டுத்தடுமாறி எழுந்து, அதே குறுக்குக் காற்றில் திரும்பி இறங்க வேண்டியிருந்திருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இயந்திரத்தை அங்கேயே அணைத்தோம். இறங்கிப் பார்த்தபோது பலகைகள் வாலோடு வாலாக, வெயில் ஏறாத வெளிச்சத்தில் விமானத்தின் ஓர் உறுப்பைப் போலவே இருந்தன. ஆய்வுக் குழுத் தலைவர் காரில் வந்து சேர்ந்தார். "எடுத்துட்டுக் கிளம்பலாமே, வெளிச்சம் போயிரும்" என்று வற்புறுத்தினார். அவருக்கு அது இழப்புதான்; அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் மறுத்தேன். பூட்டிய சுக்கானின் மேல் இரண்டு பேர் முழுபலத்தோடு மிதித்திருக்கிறோம். அந்த விசை கேபிளையும் கீலையும் என்ன செய்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதற்கு முன்பு பூட்டில்லாமல் காற்றில் அறைபட்ட நேரமும் உண்டு. தகுதி பெற்ற பொறியாளர் பார்த்துக் கையொப்பமிடும் வரை விமானம் பறக்காது என்று பதிவேட்டில் எழுதினேன்.

மதுரையிலிருந்து பொறியாளர் பிற்பகலில் வந்து சேர்ந்தார். சுக்கானின் மேல்தகட்டில் பலகை விளிம்பு பதிந்த இலேசான அழுத்தம் ஒன்று இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருப்பதாகப் பதிந்தார். கேபிளின் இழுவிசை ஒரு பக்கத்தில் குறைந்திருந்ததால் சரிசெய்தார். கீல்களையும் தடுப்புகளையும் பார்த்து, இரு பக்க அசைவின் அளவையும் எடுத்து முடிக்க மறுநாள் மாலை ஆயிற்று. இரண்டு நாள் படப்பணி போயிற்று.

காவலாளியுடன் நடந்த பேச்சு

விமானி முதலில் காவலாளியிடம் கோபப்பட்டார். அது நியாயமில்லை என்று அவரை விலக்கிவிட்டு, பெரியவரைத் தனியே உட்காரவைத்துப் பேசினேன். நாங்கள் சுற்றுப்பார்வை செய்த நேரம் முழுவதும் அவர் இருபது அடி தொலைவில்தான் நின்றிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "ராத்திரியே உங்ககிட்டச் சொல்லிட்டேனே சார். காலையில தம்பி வெளக்க அடிச்சு வாலுக்கிட்டக் குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருந்துச்சு. படிச்சவங்க பார்க்கும்போது நான் குறுக்கப் போயி என்னத்தச் சொல்ல?" என்றார்.

சுக்கான் பூட்டப்பட்டிருக்கிறது என்ற செய்தி அந்தக் காலையில் இருவரிடம் இருந்தது. ஒருவர் மறந்துவிட்டார், மற்றவரைக் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. "ராத்திரி விமானத்தில் யாராவது கைவைத்தீர்களா?" என்ற ஒரு கேள்வியை அன்று காலை கேட்டிருந்தால் பலகைகள் அப்போதே கழன்றிருக்கும்.

உலகளவில் தெரிந்த நிகழ்வுகள்

பூட்டை எடுக்காமல் கிளம்புவது அனுபவம் குறைந்தவர்களின் தவறு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டு தளத்தில், பின்னாளில் பி-17 குண்டுவீச்சு விமானமாக வளர்ந்த போயிங் மாடல் 299, பூட்டை விடுவிக்காமல் எழுந்து, மூக்கு செங்குத்தாக உயர்ந்து விழுந்தது. ஓட்டியவர் தேர்ந்த சோதனை விமானி; அவரும் போயிங் நிறுவனத்தின் சோதனை விமானியும் உயிரிழந்தனர். விமானிகளுக்கான சரிபார்ப்புப் பட்டியல் வழக்கத்துக்கு வந்தது அந்த விபத்தின் விளைவாகத்தான்.

பட்டியல் வந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2014 மே 31 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹான்ஸ்கம் ஃபீல்டில் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4 ஜெட் விமானம் ஒன்று பூட்டு விடுபடாமலே ஓடுதளத்தில் விரைந்து, எழ முடியாமல் எல்லையைத் தாண்டி ஓடித் தீப்பற்றியது. விமானத்தில் இருந்த ஏழு பேரும் இறந்தனர். பூட்டு இருக்கும்போது, இயந்திர விசையைக் கூட்டும் விசைப்பிடியை முழுமையாக முன்தள்ள முடியாதபடி அமைத்த தடுப்பு, எண்ணிய அளவில் வேலை செய்யவில்லை. என்னை அதிகம் உலுக்கியது விசாரணையில் வெளிவந்த மற்றொரு செய்தி: அந்த விமானிகள் அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் கட்டுப்பாடுகளை முழுமையாகச் சோதிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒன்றும் நேராததால் சோதனை மெல்லத் தேய்ந்திருக்கிறது. எங்கள் விமானி பெடலை இலேசாகத் தட்டியதும் அதே தேய்மானம்தான்; அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

மாற்றியவையும் தீராததும்

வெளிப்பூட்டு ஒன்றை முறைப்படி வாங்கினோம். அதிலிருந்து நீண்ட சிவப்பு நாடா ஒன்று உடற்பகுதி நெடுக வந்து, இடப்பக்கக் கதவின் கைப்பிடியில் கட்டப்படுகிறது. அதை அவிழ்க்காமல் விமானி உள்ளே ஏற முடியாது. உள்ளறைப் பூட்டின் சிவப்புத் தகடு சாவித் துளைக்குச் செய்யும் காவலை, இந்த நாடா கதவுக்குச் செய்கிறது. கையில் கிடைத்ததை வைத்து இரவில் எதைக் கட்டினாலும், கட்டியவர் விமானச் சாவியோடு ஓர் அட்டையைக் கோத்து, அதில் தமிழில் இடத்தை எழுதிவிட வேண்டும் என்றும் முடிவு செய்தோம். எழுதுவது சிரமம் என்று பெரியவர் சொன்னதால், விமானத்தின் படம் போட்ட அட்டை அச்சடித்துக் கொடுத்தோம். கட்டிய இடத்தில் அவர் ஒரு வட்டம் போடுகிறார். சுற்றுப்பார்வை நடுவில் தடைபட்டால், நிறுத்திய இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து செய்வது என்று விதித்துக்கொண்டோம். ஆய்வுக் குழுவினருக்கு இதனால் நேர இழப்பு உண்டு. அதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற்றோம்.

சுக்கான் சோதனையை இரண்டாகப் பிரித்தோம். உருளத் தொடங்கியதும் இரு பெடல்களையும் மாறி மாறி மிதித்து, விமானம் பிரேக்கின்றித் திரும்புகிறதா என்று பார்க்கிறோம். அதற்கு முன், கிளம்பும் இடத்திலேயே காவலாளி வாலுக்குப் பின்னே, எங்கள் கண்ணில் படும்படி சற்று விலகி நின்று, சுக்கான் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தக் கையை உயர்த்துகிறார். நாற்பது ஆண்டுகள் சுக்கான் பிடித்தவருக்கு இதில் பயிற்சி தேவைப்படவில்லை. முதல் நாளே, பெடலை மிதித்த அளவுக்குச் சுக்கான் திரும்பவில்லை, "இன்னும் மிதிங்க" என்று சைகை காட்டி எங்களைத் திருத்தினார்.

இன்னும் தீராத ஒன்று வெளிச்சம். படப்பணிக்காக இருட்டில் கிளம்ப வேண்டிய நாட்களில் அவருடைய கை எங்களுக்குத் தெரிவதில்லை. மங்கிய கண்ணோடு அவருக்கும் சுக்கானின் விளிம்பு தெளிவாகத் தெரிவதில்லை. சுக்கானின் விளிம்பில் ஒளிரும் பட்டை ஒட்டலாமா என்று பொறியாளரிடம் கேட்டோம். அசையும் பரப்பில் எதை ஒட்டினாலும் அதன் எடைச் சமநிலை மாறும் என்பதால் அனுமதியின்றிச் செய்யக்கூடாது என்று அவர் மறுத்துவிட்டார். அதற்கு ஒரு வழி கிடைக்கும் வரை, அவர் கை எங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளுத்த பிறகே இயந்திரத்தை இயக்குகிறோம். ஒவ்வொரு காலையும் இருபது நிமிடப் படப்பணி அதனால் குறைகிறது.